வெளியேறும் நேரம்

வான் ரீனன் கணவாயின் மூடுபனிக்குள்
இரண்டாம் கியரில் முனகியபடி ஏறுகிறது
எங்கள் ஆறு மீட்டர் வீடு.
ஒவ்வொரு வளைவிலும்
அலமாரிக்குள் எவர்சில்வர் தட்டுகள்
ஒன்றையொன்று குறை சொல்கின்றன.
நானும்தான்.

ஈஸ்டர் வாரம்.
டர்பனில் பாதி ஊர் மலைப்பக்கம் கிளம்பியிருக்கிறது.
"ஒரு போன் போட்டு இடம் சொல்லி வைத்தால்
என்ன குறைந்துவிடும்?"
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கேட்டேன்.
எஸ்ட்கோர்ட்டில் மறுபடி கேட்டேன்.
கண்ணாடி காய்ந்துதான் இருந்தது,
பூபாலன் வைப்பரைப் போட்டார்.
முப்பத்து நான்கு வருஷ தாம்பத்தியத்தில்
அதுவும் ஒரு பதில்.

சாட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்தவள் நான்.
எந்தக் கட்டிலில் யார்,
எப்போது வந்தார், எப்போது போவார்,
தெரியாமல் தூக்கம் வராது.
எங்கோ ஒரு நோட்டில்
எங்கள் பெயர் முன்கூட்டியே உட்கார்ந்திருக்க வேண்டும்:
எண் பதினேழு, மரத்தடி, மின்சாரம் உண்டு.
இதில் என்ன தப்பு?

ஹாரிஸ்மித்தில் முதல் முகாம், வாசலில் சங்கிலி.
இரண்டாவதில் 'ஃபோல்' என்று ஒரு பலகை.
ஆப்பிரிக்கான்ஸில் நிரம்பிவிட்டது என்று அர்த்தம்;
அர்த்தம் தெரியாதவருக்கும் புரியும்.
மூன்றாவதில் தலையில் ரோலர் சுற்றிய ஒரு வெள்ளைக்கார அம்மாள்
செருப்பில்லாமல் கேட் வரை வந்து
உண்மையாகவே வருந்தினாள்.
"முன்பே சொல்லியிருந்தால்..."
நான் அவர் பக்கம் திரும்பவில்லை.
திரும்பாமலிருப்பது எவ்வளவு சத்தம் என்று
அவருக்குத் தெரியும்.

பிளாட்பெர்க் மலை தன் தட்டைத் தலையை
மேகத்துக்குள் செருகிக்கொண்டது.
கடைசியில் கிடைத்தது
பெட்ரோல் நிலையத்தின் பின்புறம், லாரிகளின் தொழுவம்.
என்ஜினை அணைத்துவிட்டு
ஸ்டியரிங்கிடம் சொல்வதுபோல் சொன்னார்:

"இதே சாலை. அறுபத்தெட்டு.
அப்பாவின் ஆஸ்டின். ஜோஹன்னஸ்பர்க்கில் சித்தப்பா கல்யாணம்.
நம்மவர் இந்த மாகாணத்தில் ராத்தங்கக் கூடாது.
அப்பா சட்டைப்பையில் ஒரு காகிதம்,
எழுதிப் போட்டு, காத்திருந்து வாங்கியது.
எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்குள் வெளியே.
வில்லியர்ஸுக்கு இந்தப் பக்கம் டயர் வெடித்தது.
அப்பா முதலில் ஜாக்கியை எடுக்கவில்லை.
கடிகாரத்தைப் பார்த்தார்."

பிறகு,
"டின் மீன் இருக்கிறதா?"

இருந்தது.
சிங்க்கில் சவாரி வந்த கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து
ஒரு கொத்து ஒடித்தேன்.
தாளித்த வாசனை போய்
பக்கத்து லாரியின் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.
மொலெஃபி என்பவர், மசெருவிலிருந்து கம்பளி ஏற்றி
நாங்கள் விட்டு வந்த ஊருக்குப் போகிறவர்,
கையில் அரை ரொட்டியோடு படியில் நின்றார்
கூச்சமே இல்லாமல்.
காரம் ஏறி அவர் மூக்கை உறிஞ்ச
பூபாலன் சிரித்தார்,
நாங்கள் கிளம்பிய பிறகு முதல் தடவையாக.

ஒன்பதரைக்குக் காவலாளி.
சின்னப் பையன், கம்பளிக் குல்லாய், டார்ச்,
ஓரம் சுருண்ட பதிவேடு.
வண்டி எண். பெயர்.
மூட்லி. எம், இரண்டு ஓ, என்று எழுத்துக் கூட்டினேன்,
எத்தனையோ கவுன்டர்களில் கூட்டியதுபோல.
வந்த நேரம் எழுதிக்கொண்டான்.
அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.
"எப்போது கிளம்புவீர்கள் ஐயா?"

காலை ஆறு, என்று சொல்ல
என் வாய் திறந்துவிட்டது.
அவர் முந்திக்கொண்டார்.
"தெரியாது."
நெல்லிக்காயைக் கடித்துத் தண்ணீர் குடித்தவன்போல்
நாக்கில் அதை ஒரு சுற்றுச் சுற்றி
தேவையே இல்லாமல் இன்னொரு தடவை:
"தெரியாதப்பா."

பையன் தோளைக் குலுக்கி
கட்டத்தைக் காலியாகவே விட்டான்.

இரவு முழுக்க லாரிகள் வந்தன, போயின.
ஏர் பிரேக்கின் பெருமூச்சுக்கு
அவர் குறட்டை எசப்பாட்டு.
நான் விழித்துக் கிடந்தேன்.
நாளை கிளாரன்ஸுக்கு
அவருக்குத் தெரியாமல் ஒரு போன் போட வேண்டும்.
போடலாம்.
முதலில் அவராக எழுந்திருக்கட்டும்.